அடுப்பங்கரையும் பள்ளிக்கூடம்தான்!

"எங்கள் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் கதி?"

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவர்களின் தீராத கவலை இது. சட்டப்படி காப்பாளரை நியமிக்க 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. ஆனால், சட்டம் வந்து காபி கலந்து கொடுக்காதே!

அதைப் பிள்ளையே கலந்துகொள்ளலாம். சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் வகுத்த பயிற்சித் திட்டத்தில் 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். எழுத்து, எண்களோடு வீட்டு வேலை, காசு, கடிகாரம் ஆகியவையும் அதில் பாடங்களே.

காபி போடுவது நமக்கு ஒரு வேலை; கற்பவருக்கோ பத்து வேலை. ஆகவே, படிப்படியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குவதும் உண்டு. அம்மா எல்லாம் செய்துவிட, மகன் சர்க்கரை போட்டுக் கலக்குவான். "நான் போட்ட காபி!" என்ற பெருமிதம் முதல் நாளே வந்துவிடும். பழகியதும் அதற்கு முந்தைய படி. முதலில் கையைப் பிடித்து, பிறகு சைகையால், பிறகு சொல்லால், கடைசியில் சும்மா இருந்து.

சும்மா இருப்பதுதான் தாய்க்குக் கடினம். "சுட்டுக்கொள்வானே!" என்று தானே செய்துவிடுகிறாள். அந்தப் பாசமே பிள்ளையின் கையைக் கட்டிவிடுகிறது. அடுப்பு மூட்டுவது கடைசிப் பாடமாக இருக்கட்டும். துணி மடிப்பதை இன்றே தொடங்கலாம்.

மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் இத்தகையோருக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. தமிழக எல்லையோரப் பாலாற்றிலிருந்து தினமும் போய்வர முடியாதுதான். வழிமுறையைக் கேட்டு வந்தால், பாடத்துக்கு வீடே போதும், பொறுமையே வாத்தியார்.