கோட்டை விட்டு எப்போது வெளியே வருவது?

எதிரணி ஃபார்வர்ட் பந்தோடு தனியாக ஓடி வருகிறான். கோல்கீப்பரான உங்கள் பிள்ளை இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே, கோல் கோட்டின் மேலேயே நிற்கிறான். "ஏறி வாடா!" என்று நீங்கள் வெளியிலிருந்து கத்துகிறீர்கள். அவன் வரவில்லை, கோல். வீடு போகும் வரை "பயந்தாங்கொள்ளி" என்ற பேச்சுதான்.

பெரும்பாலும் அது பயம் இல்லை. எப்போது வரவேண்டும், எவ்வளவு தூரம் வரவேண்டும், வந்தபின் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்லித் தர நீங்கள் கால்பந்து ஆடியவராக இருக்கத் தேவையில்லை.

வெளியே வந்தால் என்ன லாபம்?

வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது, கயிறு கட்டிக் காட்டுங்கள். பந்தை பாக்ஸின் (பெனால்டி ஏரியாவின்) முன்கோட்டின் நடுவில் வையுங்கள். அது கோலிலிருந்து 16.5 மீட்டர். பந்திலிருந்து இரண்டு போஸ்ட்டுக்கும் ஒவ்வொரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். அவன் கோட்டில் நின்றால் இரு கயிறுக்கும் இடையே 7.32 மீட்டர் காக்கவேண்டும். கோல் ஏரியா கோடு (போஸ்ட்டை ஒட்டிய சின்னப் பெட்டியின் முன்கோடு) வரை, அதாவது 5.5 மீட்டர் முன்னே வரச் சொல்லுங்கள். இப்போது இடைவெளி 4.88 மீட்டர்தான். அவன் கை நீளம் கூடவில்லை, காக்கவேண்டிய அகலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கைகளை விரித்து நின்று, இரு பக்கமும் கயிறு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும்.

மைதானம் கிடைக்கவில்லையா? பௌர்ணமியிலும் தீபத் திருவிழாவிலும் நம் ஊரான திருவண்ணாமலையில் காலி இடமெல்லாம் வண்டி நிறுத்தமாகிவிடும், தெரிந்ததுதான். மொட்டை மாடி போதும். அளவை மூன்றில் ஒன்றாக்குங்கள்: எட்டடி அகலத்தில் சாக்பீஸால் கோல், பதினெட்டடி தள்ளிப் பந்து. கயிறு சொல்லும் பாடம் மாறாது.

தலைக்கு மேலே தூக்கி அடித்துவிட்டால்?

எல்லாப் பெற்றோரும் கேட்பது இது. முழு அளவு கோலின் உயரம் 2.44 மீட்டர், எட்டடி. நாலரை அடிப் பையன் கோட்டிலேயே நின்றாலும் மேல்மூலைப் பந்து அவனுக்கு எட்டாது. முழு வேகத்தில் ஓடிவரும் சிறுவன், எதிரே ஒருவன் நெருங்கும்போது அளந்து தூக்கிப் போடுவதும் எளிதல்ல. பத்தில் ஒன்று தலைக்கு மேலே போகட்டும், மற்றவற்றைக் கணக்கில் எடுங்கள். முடிந்தால் பயிற்சியில் கோலையே சுருக்குங்கள். இங்கிலாந்தில் 12 வயதுக்குட்பட்டோர் ஆடும் கோல் 16 அடி அகலம், 7 அடி உயரம்தான்.

சரி, எப்போது ஓடுவது?

பிள்ளையின் கண் ஃபார்வர்டின் முகத்தில் இருக்கக்கூடாது, அவன் காலுக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளியில் இருக்கவேண்டும். பந்து காலை விட்டு நீளமாக உருண்டதா, அப்போது பாயலாம். அந்தப் பந்து அந்த நொடியில் யாருக்கும் சொந்தமில்லை. பந்து காலோடு ஒட்டியிருந்து, அவன் தலை நிமிர்ந்து கோலைப் பார்க்கிறான் என்றால் பாயக்கூடாது. இரண்டு மூன்று எட்டு வைத்து, நின்று, காத்திருக்கவேண்டும். நம் பேக் (தடுப்பாட்டக்காரன்) ஒருவன் பக்கத்திலேயே துரத்தி வந்தாலும் அப்படித்தான். அவசரப்பட்டு விழுந்தால் ஃபார்வர்டுக்குத்தான் வேலை சுலபம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. ஃபார்வர்ட் அடிக்கக் காலைப் பின்னே ஓங்கும்போது கீப்பர் ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. எங்கே இருந்தாலும் அங்கேயே கால் ஊன்றி நிற்கவேண்டும். சிறுவர் ஆட்டத்தில் இரண்டு காலுக்கும் நடுவே புகும் கோல்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் கீப்பர் அப்போது பாதி ஓட்டத்தில் இருப்பான்.

இதைப் பழக்க எளிய வழி: நீங்கள் இருபது மீட்டரில் நின்று பந்தை உருட்டுங்கள், பக்கவாட்டிலிருந்து ஒரு பையன் அதைத் துரத்தட்டும். சில பந்து கீப்பர் பக்கம் நீளமாக, சில பந்து துரத்துபவன் காலுக்கே. வருவதென்றால் "கீப்பர்!" என்று உரக்கக் கத்திவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் நின்று காக்கவேண்டும். கத்தாமல் வந்தால் நம் பேக்கும் அவனும் மோதிக்கொள்வார்கள்.

இங்கேதான் உங்கள் வாய் முக்கியம். கோட்டில் நின்றபடி வாங்கிய கோலுக்கு யாரும் கீப்பரைத் திட்டுவதில்லை. வெளியே வந்து தவறிய பந்துக்கு மைதானமே கத்துகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு புரியும். நின்றால் நிம்மதி என்று முடிவு செய்துவிடுவான். அதனால் கோல் விழுந்ததா இல்லையா என்று மதிப்பெண் போடாதீர்கள். "பந்து கால விட்டு விலகிச்சா?" "ஆமா." "அப்ப நீ வந்தது சரிதான்டா." கோல் வாங்கியிருந்தாலும் இதே பேச்சுதான். கோல் வாங்காமலே தப்பித்தாலும், நின்றிருக்கவேண்டிய இடத்தில் பாய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஃபார்வர்டாக ஆடிப் பார்ப்பதும் கீப்பருக்கு நல்ல பாடம். இந்தியக் கீப்பர் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாதில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் சேர்ந்தவர். அந்த அணி 1955, 1958 ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவுக்காக 1956, 1960 ஒலிம்பிக்கிலும், தங்கம் வென்ற 1962 ஆசிய விளையாட்டு அணியிலும் இருந்த அந்தக் கீப்பர், முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. உங்கள் பிள்ளையையும் வாரத்தில் ஒருநாள் ஃபார்வர்டாக விடுங்கள். எதிரே கீப்பர் ஏறி வரும்போது கோல் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அவன் கண்ணாலேயே பார்ப்பான்.

பந்து தூரத்தில் இருக்கும்போது எங்கே நிற்பது?

நம் அணி எதிர்ப்பாதியில் ஆடும்போது கீப்பருக்குக் கோட்டில் வேலை இல்லை. பெனால்டி புள்ளி (கோலிலிருந்து 11 மீட்டர்) அருகே, தேறியவன் என்றால் இன்னும் முன்னே, நிற்கலாம். முன்னமே ஏறி நின்றால் பிறகு தலைதெறிக்க ஓடவேண்டியதில்லை. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மானுவல் நோயர், பாக்ஸுக்கு வெளியே வந்து வந்து பந்தை அடித்து விலக்கினார். அந்த ஆட்டத்தை வீடியோவில் காட்டுங்கள். கூடவே 1990இல் கேமரூனின் ரோஜே மில்லாவிடம் கொலம்பியக் கீப்பர் ஹிகீட்டா பந்தைப் பறிகொடுத்ததையும் காட்டுங்கள். வெளியே வந்தால் பந்தை வெளியே அடிக்கவேண்டும், ஆட்டம் காட்டக்கூடாது.

விதி என்ன சொல்கிறது?

பாக்ஸுக்கு வெளியே கையால் தொட்டால் ஃப்ரீ கிக். உறுதியான கோல் வாய்ப்பைத் தடுத்தால் சிவப்பு அட்டை. கோடும் பாக்ஸைச் சேர்ந்ததே. கீப்பரின் கால் எங்கே என்பதல்ல, பந்து எங்கே என்பதுதான் கணக்கு. நம் ஆளே வேண்டுமென்றே காலால் தட்டிவிட்ட பந்தையும் கையால் எடுக்கக்கூடாது, 1992 முதல் அப்படி.

அடிபடாதா?

படும், விழத் தெரியாவிட்டால். முதலில் முட்டிபோட்டபடி, பிறகு குந்திய நிலையில், கடைசியாக நின்றபடி விழப் பழக்குங்கள். கை முதலில் பந்துக்குப் போகவேண்டும், தலை கைக்குப் பின்னால். பக்கவாட்டில் விழவேண்டும், வயிற்றில் அல்ல. நம்மூர் மைதானம் இறுகிய மண். கோடையில் தண்ணீர் தெளித்த இடத்திலோ மணலிலோ பழக்குங்கள். முழுக்கை சட்டையும் நீளமான பேண்டும் போடலாம், விதியில் தடையில்லை.

தொப்பியும் போடலாம். நம்மூர் மலைக்குக் கிழக்கே இருப்பதால், மேற்குப் பார்த்து நிற்கும் கீப்பருக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை உயரப் பந்து தெரியாது. மாலை ஆட்டத்தில் டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்பது என்று கேப்டனிடம் சொல்லி வையுங்கள்.

மோதலில் தலையில் அடிபட்டு வாந்தி, தலைசுற்றல், பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொல்வான், கேட்காதீர்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி கையுறை மாட்டவேண்டும்.