புல்வெளியில் பூப்பந்து, பிறகு ஒயின்

புனாவில் வேலை பார்க்கும் என் மகன், தன் பத்தாவது திருமண நாளை எப்படிக் கொண்டாடப் போகிறான் என்று சொன்னபோது, கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "சாயங்காலம் புல்வெளியில் விளையாட்டு, இருட்டினதும் ஒயின் ருசி பார்ப்பது. வெளிநாட்டில் இப்படித்தான் அப்பா செய்கிறார்கள்."

கல்யாணுக்கு நாங்கள் வந்து நாற்பது வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக்குள் மது நுழைந்ததில்லை. காரணம் என் அண்ணன். நல்ல தொழில்காரர். 43 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அண்ணி எங்களோடுதான் இருக்கிறார். "பெரியம்மாவைக் கேட்டுக்கொள்" என்று நான் நழுவிக்கொண்டேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணி திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஆளுக்கு எவ்வளவு ஊத்துவே?"

மகனிடம் பதில் இல்லை. எனக்கோ அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்துகொண்டது. சரி, இதை எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிடலாம் என்று அப்பாவும் பிள்ளையுமாக நாசிக்குக் கிளம்பினோம். கசாராவுக்கு மேல் 37க்கு 1 என்ற ஏற்றம். பின்னால் தள்ளும் எஞ்சின் இல்லாமல் கனமான வண்டி ஏறாது. பலமுறை பார்த்த இடம்தான், ஆனாலும் ஜன்னலை விட்டு நகர மனம் வரவில்லை. கங்காபூர் அணைப் பக்கம் உள்ள சூலா திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். 1999இல் தொடங்கிய நிறுவனம். நம் ஊரில் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் அது செப்டம்பர் வாக்கில். மழைக்காலம் போன பிறகு கவாத்து செய்து, குளிர்ந்த இரவுகளில் காயைப் பழுக்க விடுவதுதான் இங்கே சூட்சுமம்.

ருசி பார்ப்பது என்பது குடிப்பதல்ல. கண்ணாடிக் குவளையில் அடி நனையும் அளவு ஊற்றி, சுழற்றி, மோந்து, ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்டுவது. வேண்டாமென்றால் துப்பிவிடலாம், அதற்கென்றே பாத்திரம் வைப்பது வழக்கம். சிவப்பு ஒயினின் துவர்ப்பை விளங்கவைக்க மேல்நாட்டார் படாதபாடு படுகிறார்கள். அறுசுவையில் துவர்ப்பை வைத்திருக்கும் நமக்குப் பாக்கை நினைத்தாலே போதும்.

திரும்பும் வண்டியில் அண்ணியின் கேள்விக்குக் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு 50 மில்லி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான்கு வகைக்கு 200 மில்லி. ஒயினில் 13 சதவீதம் சாராயச் சத்து என்றால் 26 மில்லி. நம் நாட்டு விஸ்கி 42.8 சதவீதம், 60 மில்லி லார்ஜ் பெக்கில் கிட்டத்தட்ட அதே 26 மில்லி! 'சும்மா ருசி' என்று சொல்லிக்கொண்டே ஒரு லார்ஜ் உள்ளே போய்விடும். மகனிடம் காகிதத்தைக் காட்டினேன். பேசாமல் 50ஐ அடித்துவிட்டு 25 என்று எழுதினான். 12 பேருக்கு நான்கு பாட்டில். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் மீதி இருக்கும், இருக்கட்டும்.

ஜனவரி 26 விடுமுறை என்று நாள் குறித்திருந்தான். அன்று மதுக்கடைகளே திறக்காது! அதோடு, மகாராஷ்டிரத்தில் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. குடிக்கிறவருக்கு பெர்மிட் வேண்டும், விருந்துக்குத் தனி உரிமம் வேண்டும். அந்த வேலையெல்லாம் முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை முர்பாட் சாலையில் ஒரு நண்பரின் தோட்ட வீட்டில் கூடினோம். எல்லோருக்கும் டெம்போ டிராவலர். யாரும் சொந்த வண்டி எடுக்கக் கூடாது என்பது என் நிபந்தனை.

விளையாட்டுக்கு மகன் ஷட்டில் வாங்கி வைத்திருந்தான். புனா வெள்ளைக்காரர்கள் 1870களில் விதி எழுதிய ஆட்டம்தான், ஆனால் சாயங்காலக் காற்றில் இறகு வேலிக்கு வெளியே போய் விழுந்தது. அப்போது அண்ணி தன் பையிலிருந்து மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்றை எடுத்தார். பூப்பந்து! தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து காற்றுக்கு அவ்வளவாக அசையாது. அண்ணி பள்ளிக்கூட அணியில் ஆடியவர் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பாயிண்ட் சொன்னார். கோட்டுக்கு வெளியே விழுந்ததை உள்ளே என்று சாதித்த என் பேரனை "அவுட்டுன்னா அவுட்டுதான்டா" என்று அடக்கினார்.

ஆட்டம் முடிந்ததும் முதலில் நீர்மோர், பானகம். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. வியர்த்த உடம்பு தாகத்துக்கு ஒயினைத் தண்ணீர் மாதிரி இழுத்துவிடும். பிறகு வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு. சிவப்பையும் அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். 'அறை வெப்பம்' என்று புத்தகம் சொல்வது கல்யாண் அறையை அல்ல. லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் மிளகாய் பஜ்ஜிக்குப் பொருந்தியது என்றார்கள். சிவப்புக்குத் தட்டை சுமார். குழந்தைகளுக்குத் திராட்சை ரசம்.

நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். நாக்கில் துவர்ப்பு நின்றது. அண்ணி தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மருந்து அளக்கும் மூடியை வைத்துக்கொண்டு, மகன் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் முறை குவளையை நீட்டியபோது, "முடிஞ்சது தம்பி, சாப்பிட வாங்க" என்றார். அவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து இலைக்கு வந்தார்.

மிச்ச பாட்டில்களை மகன் புனாவுக்கே எடுத்துப் போய்விட்டான். பந்து மட்டும் மாமரத்தில் சிக்கிக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இரண்டு வாங்கிவரச் சொல்லும்படி அண்ணி கேட்டிருக்கிறார்.