சுவரின் காலைக் காத்தால் வீட்டைக் காக்கலாம்

நாஞ்சில் நாட்டுக்கு ஆண்டில் இரண்டு பருவமழை உண்டு. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் மற்றொன்று. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளைவது இவற்றால்தான். ஆனால் மழை அளவு மீறினால் வெள்ளம் வயலோடு நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

2021 நவம்பர் இரண்டாவது வாரத்தில் குமரி மாவட்டத்தில் பெய்த கனமழையின்போது பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களிலும் தாழ்வான பகுதிகளிலும் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் மீண்டும் பெருமழை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய மழை இனியும் வரும் என்று எண்ணியே நாம் வீட்டைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

சுவர் ஏன் சரிகிறது?

காய்ந்த மண் சுவர் ஓட்டுக்கூரையின் பாரத்தை எளிதில் தாங்கும். அடிப்பகுதி ஊறிவிட்டால் மண் இளகிப் பலம் இழக்கிறது. மேலிருக்கும் பாரமோ குறைவதில்லை. வெள்ளம் வடிந்தது, ஆபத்து நீங்கியது என்று குடும்பத்தோடு உள்ளே படுக்கும் இரவில் சுவர் சரிவதற்கு இதுவே காரணம். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட ஒரு வீட்டை வீழ்த்தப் போதும்.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு குட்டநாட்டில் சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்திக்கொண்டார்கள். அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். மண் சுவர் வீட்டுக்கு அது பொருந்தவும் செய்யாது. சிறு விவசாயியால் செய்யக்கூடியது சுவரின் காலைப் பலப்படுத்துவதுதான்.

செய்ய வேண்டியவை

முதலில், கடந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனிச் செய்யும் எல்லா வேலைக்கும் அந்தக் கோடுதான் அளவு.

சுவரோடு ஒட்டிக் கிடக்கும் மண், எருக்குவியல், விறகு ஆகியவற்றை அகற்றுங்கள். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லியும் களிமண்ணும் போட்டு நன்றாகத் திமிசு அடித்து, வெளிப்பக்கம் 2 அங்குலமாவது சரிவு இருக்கும்படி செய்யுங்கள். அதை ஒட்டி ஒரு சிறு ஓடை வெட்டி, கூரைத் தண்ணீர் தேங்காமல் வெளியேற வழிவிடுங்கள். கூரை சுவருக்கு வெளியே 2 அடி நீண்டிருந்தால் சாரல் சுவரில் படாது.

மண் சுவருக்குச் சிமெண்டு பூசுவதைப் பலர் பலம் என்று நினைக்கிறார்கள். சிமெண்டுப் பூச்சு மண்ணோடு சரியாக ஒட்டுவதில்லை. விரிசல் வழியே புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்புச் சாந்தே மண் சுவருக்கு ஏற்றது.

அடிச்சுவர் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் கருங்கல்லாலோ நன்கு வெந்த செங்கல்லாலோ மாற்றிக் கட்டலாம். இதற்குப் பழக்கமுள்ள கொத்தனார் வேண்டும். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் 2 அடி நீளத்துக்கு மேல் குடையக் கூடாது. ஒரு துண்டு கட்டி நன்கு இறுகிய பின், இடைவெளி விட்டு அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். புதிய கட்டு வெள்ளக்கோட்டுக்கு மேலே அரையடி வரை வருவது நல்லது.

நெல்லும் மாடும்

முன்பு மச்சும் பத்தாயமும் இருந்த வீடுகளில் நெல் தரையில் கிடந்ததில்லை. இன்று சாக்கு மூட்டைகள் தரையிலேயே அடுக்கப்படுகின்றன. அம்பை 16 ஆனாலும் திருப்பதிசாரம் 5 ஆனாலும், நனைந்த விதை நெல் முளைப்புத் திறனை இழந்துவிடும். கோட்டுக்கு மேலே உறுதியான பரண் கட்டி, 13 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போகாமல் காயவைத்த விதையை அதில் வையுங்கள். பட்டா, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் பிளாஸ்டிக் உறையிலிட்டு அங்கேயே வைக்கலாம். மின்சார மெயின் சுவிட்சும் பிளக்குகளும் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் முற்றத்துக்கு வந்ததுமே மெயினை அணைத்துவிட வேண்டும்.

தொழுவத்தின் தரையையும் உயர்த்துங்கள். தண்ணீர் ஏறும்போது மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியிலேயே மாட்டைப் பறிகொடுப்பது தவிர்க்கக்கூடிய நஷ்டம்.

வெள்ளம் வடிந்த பிறகு, சுவர் சாய்ந்திருக்கிறதா, அடியில் புது விரிசல் உண்டா என்று வெளியில் நின்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுவர் காயும்வரை உள்ளே படுக்க வேண்டாம்.

எப்போது செய்வது?

கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி, பங்குனியே ஏற்ற காலம். மண் காய்ந்திருக்கும், வயல் வேலை குறைவு, பூச்சு இறுக நாள் கிடைக்கும். ஐப்பசி மழையில் தொடங்கினால் குடைந்த சுவரே ஆபத்தாகிவிடும்.

குடிசையில் வாழ்வோருக்குப் புது வீடு கட்ட, தமிழக அரசு 2024-இல் 3.5 லட்சம் ரூபாய் மதிப்பில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. இப்போதுள்ள உதவிகளைப் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம். எந்த உதவியில் புது வீடு கட்டினாலும், கொத்தனார் நூல் பிடிக்கும் முன் பழைய வீட்டின் வெள்ளக்கோட்டை அவருக்குக் காட்டுங்கள். தரைமட்டம் அதற்கு ஓர் அடியாவது மேலே அமையட்டும்.