மிதிவண்டிக்கு ஏற்ற பின்னோக்குக் கண்ணாடி

நம் நாட்டு மக்களின் போக்குவரத்துச் சாதனங்களில் மிதிவண்டிக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவிகிதம் மிதிவண்டி வைத்திருந்தன; மோட்டார் பொருத்திய இரு சக்கர வாகனம் வைத்திருந்தவை 21 சதவிகிதமே. பால்காரர், கட்டடத் தொழிலாளி, காய்கறி வியாபாரி, பள்ளி மாணவி ஆகியோர் நெடுஞ்சாலையின் ஓரத்தை லாரிகளோடும் பேருந்துகளோடும் பகிர்ந்துகொள்கின்றனர்.

இப்பகிர்வு அபாயமற்றதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 4,800-க்கும் மேற்பட்டோர் மிதிவண்டி ஓட்டியவர்கள். அவ்வாண்டின் விபத்துகள் அனைத்தையும் மோதலின் தன்மைப்படி வகைப்படுத்தினால், பின்புறமிருந்து மோதியவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தன. மிதிவண்டியில் செல்பவருக்கு முன்னே வருவது கண்ணுக்குத் தெரியும். பின்னே வருவது பெரும்பாலும் காதுக்கு மட்டுமே எட்டும். ஓசை குறைந்த மின்சார வாகனங்கள் பெருகிவரும் இக்காலத்தில் காதையும் முழுமையாக நம்புவதற்கில்லை.

தலையைத் திருப்பிப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு வினாடியில் நான்கு மீட்டருக்கு மேல் முன்னேறிவிடுகிறது. அந்த நான்கு மீட்டருக்குள் ஒரு பள்ளமோ, மணல் திட்டோ இருக்கலாம். தலை திரும்பும்போது கைப்பிடியும் சற்றே திரும்புவதால், சுமையேற்றிய வண்டி சாலையின் நடுப்பக்கம் சாய்வதும் உண்டு. பின்னோக்குக் கண்ணாடி இக்குறையைப் பெருமளவு நீக்குகிறது.

சட்டத்தின் நிலை

மோட்டார் வாகனங்களுக்குப் பின்னோக்குக் கண்ணாடி கட்டாயம் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுத்துள்ளன. மிதிவண்டி மோட்டார் வாகனம் அன்று. எனவே அவ்விதி அதற்குப் பொருந்தாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், இயந்திர விசையால் இயங்காத வண்டிகள் பொதுச் சாலைகளைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. மிதிவண்டிகளில் பொருத்தும் ஒளி பிரதிபலிப்பான்களுக்கென 2020-இல் மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றையும் பிறப்பித்தது. பிரதிபலிப்பான் மிதிவண்டியைப் பிறர் காணச் செய்வது. கண்ணாடி பிறரை மிதிவண்டிக்காரர் காணச் செய்வது. இவ்விரண்டாவது தேவை வாங்குபவரின் பொறுப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் தேர்வின் நுணுக்கங்களை அறிந்திருப்பது அவசியமாகிறது.

சமதளமா, குவிவா?

கடையில் கிடைக்கும் கண்ணாடிகள் இரு வகைப்படும். சமதள ஆடி பொருளை அதன் உண்மையான தொலைவிலேயே காட்டும். ஆனால் அதில் தெரியும் பரப்பு குறைவு. குவி ஆடி அகன்ற பரப்பைக் காட்டும்; ஆனால் பொருள்கள் சிறுத்தும், அதனால் தொலைவில் இருப்பனபோலவும் தோன்றும். பள்ளி இயற்பியல் பாடத்தில் பயிலும் இவ்வுண்மை சாலையில் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும்.

ஏழரை சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி, ஓட்டுபவரின் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். சமதள ஆடியானால், ஒரு கண்ணால் நோக்கும்போது 20 மீட்டர் பின்னால் ஏறத்தாழ 2.2 மீட்டர் அகலமே தெரியும். இது 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலைத் தடத்தைக்கூட முழுமையாகக் காட்டாது. அதே அளவில், 60 சென்டிமீட்டர் வளைவு ஆரமுள்ள குவி ஆடியானால் ஏறத்தாழ 7 மீட்டர், அதாவது இரு தடங்கள் தெரியும்.

இந்த ஆதாயத்திற்கு ஒரு விலை உண்டு. அந்தக் குவி ஆடியில், 20 மீட்டர் பின்னால் வரும் லாரி, வெறுங்கண்ணுக்கு 67 மீட்டருக்கு அப்பால் உள்ள லாரியின் அளவிலேயே தோன்றும். லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலும், மிதிவண்டி 15 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொண்டால், இடைவெளி வினாடிக்கு 12.5 மீட்டர் குறைகிறது. ஓட்டுபவர் தமக்கு ஐந்து வினாடிக்கு மேல் அவகாசம் இருப்பதாக எண்ணுவார். உண்மையில் அவருக்கு இருப்பது 1.6 வினாடியே. வளைவு ஆரம் 20 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே லாரி ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் உள்ளதுபோலத் தோன்றும். கைக்கடிகார அளவிலான, மிகவும் உப்பிய சிறு கண்ணாடிகள் அழகாக இருப்பினும், தொலைவைக் கணிப்பதற்கு உதவமாட்டா.

எனவே, மிதமான குவிவுள்ள, ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள கண்ணாடியே பொதுவான உபயோகத்திற்கு ஏற்றது. இதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ள இயலும். ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியையும், வாங்கவிருக்கும் கண்ணாடியையும் கை நீட்டும் தொலைவில் அருகருகே பிடித்து, தெருவில் சற்றுத் தொலைவிலுள்ள ஒரே பொருளை இரண்டிலும் நோக்க வேண்டும். முன்னதில் தெரியும் உருவத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கேனும் பின்னதில் தெரிந்தால் அதை ஏற்கலாம். அதனினும் மிகச் சிறுத்தால் தவிர்க்கலாம். இரவில் பின்வரும் வாகனங்களின் முகப்பு விளக்குகளால் கண் கூசுவது குவி ஆடியில் குறைவு என்பதும் குறிப்பிடத்தக்கது.

பொருத்தும் இடம்

இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. முந்துபவை வலப்புறமாகக் கடக்கின்றன. ஆகவே, ஒரே ஒரு கண்ணாடி பொருத்துவதாயின் அது வலக் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும். வலப்புறப் போக்குவரத்து நடைபெறும் நாடுகளுக்கென இடக் கைப்பிடிக்கு வடிவமைத்தவற்றை வாங்கிவிடாமல் கவனிப்பது நன்று.

கைப்பிடிக் குழாயின் முனையில் செருகும் வகை, நேரான கைப்பிடியுள்ள வண்டிகளுக்கு ஏற்றது. நம் கிராமங்களில் பெரும்பான்மையாக உள்ள பழைய பாணி வண்டிகளில் கைப்பிடி பின்னோக்கி வளைந்திருப்பதால், முனையில் பொருத்திய கண்ணாடி தொடையில் இடிக்கும். கையே காட்சியை மறைக்கும். அவ்வண்டிகளுக்கு, குழாயைப் பற்றும் பட்டையுடன் மேலெழும் குட்டையான தண்டுள்ள வகையே சிறந்தது. பின்னிருக்கையில் பால் கேன்களோ மூட்டைகளோ ஏற்றுபவர், சுமையின் அகலத்தைத் தாண்டிப் பின்புறம் தெரியும் அளவுக்குத் தண்டு வெளியே நீண்டிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தலைக்கவசத்தில் பொருத்தும் சிறு கண்ணாடிகளும் உள்ளன. தலைக்கவசம் அணியும் சிலருக்கே அவை பயன்படும்.

பொருளும் உறுதியும்

தண்டு நீளமானால் அதிர்வு மிகும். அதிர்வு மிகுந்தால் உருவம் கலங்கும். ஆகவே தேவைக்கு மேல் நீண்ட தண்டு கூடாது. பட்டைக்கும் குழாய்க்கும் இடையே ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினால் அதிர்வு குறைவதோடு, கண்ணாடி சுழன்று விலகுவதும் தடைப்படும். கண்ணாடி ஆடி தெளிவானது. கீறல் விழுவது அரிது. ஆனால் வண்டி சாய்ந்தால் உடைந்து கையைக் கிழிக்கும். பிளாஸ்டிக் ஆடி எளிதில் உடையாது. ஆனால் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழுந்து சில மாதங்களில் மங்கிவிடும். அதை ஈரத்துணியால் துடைப்பதே முறை. மோதும்போது மடங்கும் மூட்டுடையவை இரு வகையிலும் மேலானவை.

சரிசெய்தலும் பழக்கமும்

ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் தம் இயல்பான நிலையில் அமர்ந்தே கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். அவருடைய தோளின் விளிம்பு கண்ணாடியின் உள் ஓரத்தில் சற்றே தெரியவும், தொடுவானம் நடுவே அமையவும் வேண்டும். முதல் சில நாட்களில், கண்ணாடியில் கண்ட வாகனத்தை, போக்குவரத்து குறைந்த இடத்தில், திரும்பியும் பார்த்து ஒப்பிட்டால் உண்மைத் தொலைவைக் கணிக்கும் பழக்கம் வரும். வலப்புறம் திரும்புமுன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பதும், கையால் சைகை காட்டுவதும் இன்றியமையாதவை. கைப்பிடி திரும்பத் தொடங்கியதும் கண்ணாடியின் காட்சியும் உடன் திரும்பிவிடும் என்பதை மறத்தலாகாது.

பொதுக் கொள்முதலின் பங்கு

பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கென மிதிவண்டித் திட்டத்தைத் தொடங்கியது. கார்த்திக் முரளீதரன், நிஷீத் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இத்திட்டத்தால் உயர்நிலைக் கல்வியில் மாணவியரின் சேர்க்கை 32 சதவிகிதம் உயர்ந்ததாகக் கண்டது. மேற்கு வங்க அரசும் 2015-இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளி தொலைவிலுள்ள சிற்றூர்களிலேயே இவ்வண்டிகளின் பயன் மிகுதி. சாலையில் நெடுநேரம் செல்ல வேண்டியவர்களும் அச்சிற்றூர் மாணவியரே. அரசு பெருமளவில் வாங்கும்போது, மிதிவண்டியின் மொத்த விலையை நோக்கக் கண்ணாடியின் கூடுதல் செலவு சிறிதாகவே இருக்கும். கொள்முதல் விவரக்குறிப்பில் "கண்ணாடி ஒன்று" என்று மட்டும் எழுதினால், மிகவும் மலிவான, மிகவும் உப்பிய கண்ணாடியே வந்துசேரும். அகலம், வளைவு ஆரம், தண்டின் நீளம், வலப்புறப் பொருத்தம் ஆகிய நான்கையும் அதிகாரிகள் குறிப்பிடுவது பயன் தரும்.

கண்ணாடி சாலையின் குறைகளுக்கு மாற்றாகாது. கவனமின்றி ஓட்டும் லாரி ஓட்டுநரை அது தடுத்து நிறுத்தாது. வாகனங்களைக் காட்டிலும் மக்களின் போக்குவரத்தே முதன்மையானது என்று வலியுறுத்திய 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் நோக்கம், மிதிவண்டிகளுக்குத் தனிப் பாதை அமைவதாலேயே நிறைவேறும். அப்பாதைகள் எங்கும் அமையும் வரை, பின்னால் வருவதை உரிய நேரத்தில் அறிந்து இரண்டடி ஒதுங்கும் வாய்ப்பையாவது மிதிவண்டிக்காரருக்கு அளிப்பது எளிதில் இயலக்கூடியதே.