ஒரே தளத்தை நம்பும் கம்பெனி: வேலைக்குச் சேருமுன் தெரிந்துகொள்ளுங்கள்

குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு வருஷம் சாரல் ஏமாற்றினால் போட்ட முதல் போச்சு. ஒரே தொழில்நுட்பத் தளத்தை (platform) நம்பும் நிறுவனத்துக்கும் அதே கதிதான். ஆனால் அங்கே முதல் அடி தொழிலாளிக்கு விழுகிறது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் ஐடி வேலைக்கும் ஆலை வேலைக்கும் கிளம்பும் வீடுகளில் இதைப் பேசியாக வேண்டும்.

நோக்கியாவில் நடந்தது

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கியது. நல்ல காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா, சொந்த இயங்குதளமான சிம்பியனை ஓரங்கட்டி, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனையே ஸ்மார்ட்போன்களுக்கு முதன்மைத் தளமாக்கியது. அதில் செயலிகள் குறைவு என்று மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்காததால் செயலி எழுதுவோரும் வரவில்லை. 2014 ஏப்ரலில் கைபேசித் தொழிலே மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும், 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. அங்கே பெரும்பாலும் தயாரானவை சாதாரண போன்கள். விண்டோஸ் முடிவில் பங்கே இல்லாதவர்கள்தான் வேலையை இழந்தார்கள்.

மத்தளம்பாறை காட்டும் வழி

தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில், தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தொடங்கியது. டாட்காம் சரிவில் அந்தச் சந்தை சுருங்கியது. பிறகு மேனேஜ்எஞ்சின் என்ற ஐடி நிர்வாக மென்பொருள், இணையவழி அலுவலக மென்பொருள் என்று பல சந்தைகளுக்குப் பரவித்தான் நிலைத்தது.

சேருமுன் கேளுங்கள்

- வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்தோ ஒரே தளத்திலிருந்தோ வருகிறதா?
- அந்தத் தளம் விதியை மாற்றினால் கம்பெனிக்கு மாற்று வழி உண்டா?
- இங்கே கற்கும் வேலை வேறு இடத்தில் செல்லுமா?

வேலை போனால்

- ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.
- ஐந்தாண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை உண்டு.
- ராஜினாமாக் கடிதம் கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியதாகிவிட்டால் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்பது கடினம்.
- நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக் நகல்களைச் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள். வேலை போன அன்றே அலுவலகக் கணக்கு முடக்கப்படலாம்.
- பேசித் தீராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

கம்பெனி எந்தத் தளத்தில் பணத்தைப் போடுவது என்பதைத் தொழிலாளி முடிவு செய்ய முடியாது. அந்த முடிவு தவறினால் சட்டப்படி தனக்குச் சேர வேண்டியதை அவர் விட்டுக்கொடுக்கவும் கூடாது.