ஒரு கோடா, இரு கோடுகளா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

கொரோனா பரவிய 2020, 2021 ஆண்டுகளுக்குப் பிறகு, விரைவுச் சோதனைப் பட்டையைப் பார்க்காதவர் நம்மில் மிகக் குறைவு. அதில் ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை. இரு கோடுகள் விழுந்தால் நோய் உண்டு. கருவுற்றிருப்பதை அறியும் பட்டையிலும் இதே வழக்கம்தான். ஆனால் சிறுநீரில் போதைப்பொருளைத் தேடும் பட்டையில் இந்த வழக்கம் தலைகீழாகி விடுகிறது. அங்கே இரு கோடுகள் விழுந்தால் இல்லை என்று பொருள். ஒரே கோடு விழுந்தால் இருக்கக்கூடும் என்று பொருள்.

‘இருக்கக்கூடும்’ என்றுதான் எழுதினேன். ‘இருக்கிறது’ என்று எழுதவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. நம் கரையோரத்து இளைஞர்களில் பலர் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள். அந்த வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்தப் பட்டையும் வருவதுண்டு. ஆகவே இது நம் வீட்டு விஷயமே.

முதலில் வேதியியல். கருவுற்றிருப்பதைக் காட்டும் ஹார்மோன் ஒரு பெரிய புரத மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 36,000. அதனை இரு பக்கங்களிலும் இரண்டு எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்ள இடமுண்டு. ஒன்று பிடித்து நிறுத்த, மற்றொன்று நிறம் காட்ட, கோடு விழுகிறது. மார்பினின் மூலக்கூறு எடையோ வெறும் 285. இவ்வளவு சிறிய மூலக்கூறில் ஓர் எதிர்ப்பொருள் அமர்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு இடமில்லை. எனவே வேறு உபாயம் வேண்டியிருந்தது. அதுதான் போட்டி முறை.

இதனை எங்கள் ஊர்ப் பேருந்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். எங்கள் ஊர் புதுக்கோட்டை. மன்னர் ஆண்ட அந்தப் புதுக்கோட்டை அன்று. தூத்துக்குடிக்கு மேற்கே நெல்லைச் சாலையில் உள்ள சிற்றூர். நெல்லையிலிருந்து வரும் பேருந்து வல்லநாடு, வாகைகுளம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து பிறகு தூத்துக்குடி சேரும். பட்டையில் உலர்த்தி வைத்துள்ள, தங்கத் துகள் ஏற்றிய சிவப்பு நிற எதிர்ப்பொருள்களே பேருந்துகள் என்று கொள்வோம். சிறுநீரில் உள்ள போதைப்பொருள் மூலக்கூறுகள் வல்லநாட்டில் ஏறும் பயணிகள். அதே போதைப்பொருளைப் பட்டையின் ‘டி’ என்ற இடத்தில் முன்கூட்டியே ஒட்டி வைத்திருக்கிறார்கள். இவர்கள் புதுக்கோட்டை நிறுத்தத்தில் காத்து நிற்பவர்கள்.

வல்லநாட்டில் யாரும் ஏறவில்லை என்றால் பேருந்துகள் காலியாக வந்து புதுக்கோட்டையில் வரிசையாக நின்றுவிடும். அந்தச் சிவப்பு வரிசைதான் ‘டி’ கோடு. வல்லநாட்டிலேயே கூட்டம் நிறைந்துவிட்டால், கை காட்டினாலும் பேருந்து நிற்காது. (இது எங்களுக்கு அன்றாட அனுபவம்.) நிறுத்தம் வெறுமையாகக் கிடக்கும், கோடு விழாது. எப்படியானாலும் சில பேருந்துகள் தூத்துக்குடி நிலையத்தை அடைந்தே தீர வேண்டும். அது ‘சி’ என்னும் கட்டுப்பாட்டுக் கோடு. அங்கேயே கோடு இல்லை என்றால் அன்று பேருந்தே புறப்படவில்லை என்று பொருள். அந்தப் பட்டை செல்லாது. அதைப் பார்த்து எந்த முடிவும் சொல்லக்கூடாது.

‘டி’ கோடு மங்கலாக விழுந்தால் என்ன செய்வது? பலர் தடுமாறும் இடம் இது. மங்கலான கோடும் கோடுதான். சில பேருந்துகளாவது நின்றிருக்கின்றன அல்லவா? ஆகவே வல்லநாட்டுக் கூட்டம் வரம்பைத் தொடவில்லை, முடிவு நெகட்டிவ். குறித்த சில நிமிடங்களுக்குள் பட்டையைப் படித்துவிட வேண்டும் என்பதும் உறைமேல் அச்சிடப்பட்டிருக்கும். காய்ந்த பட்டையை மாலையில் எடுத்துப் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு மதிப்பில்லை.

வரம்பு என்று சொன்னேன். கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோகிராம். கஞ்சாவுக்கு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 50 நானோகிராம் என்பது பரவலாகக் கையாளப்படும் வரம்பு. மார்பின் வகைக்கு 300 என்று வைத்த பட்டையும் உண்டு, 2000 என்று வைத்த பட்டையும் உண்டு. ஒரே மனிதர் ஒன்றில் பாசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் ஆகலாம். அமெரிக்க அரசு தன் ஊழியர் சோதனைகளுக்கு 1998இல் இந்த வரம்பை 300இலிருந்து 2000க்கு உயர்த்தியது. காரணத்தைக் கேட்டால் நம் அம்மாமார்கள் சிரிப்பார்கள்: கசகசா! நாம் குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசா, அபினிச் செடியின் விதை. காயின் பால் விதையில் சிறிதளவு ஒட்டிக்கொண்டு வருகிறது. அங்கே அதை ரொட்டியில் தூவித் தின்பார்கள். தின்றவர்கள் குற்றவாளிகள் போல் நிற்க நேர்ந்ததால்தான் வரம்பு உயர்ந்தது. ஐக்கிய அரபு நாடுகளுக்குப் பயணம் போகிறவர்கள் கசகசாவைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

இனி எங்கள் தெருவில் நடந்த ஒன்று. கடல்சார் பயிற்சி முடித்த அண்ணன் ஒருவர் கப்பலில் சேர மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். மார்பின் பட்டையில் ஒரே கோடு. ‘தகுதியில்லை’ என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “நான் பீடிகூட குடிச்சது கெடையாதுடே தம்பி” என்று அவர் என்னிடம் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அவர் இருமல் மருந்து குடித்து வந்திருக்கிறார். அதில் கோடீன் இருந்தது. கோடீனின் ஒரு பகுதி உடலுக்குள் மார்பினாகவே மாறுகிறது. பட்டை பொய் சொல்லவில்லை, அதைப் படித்தவர்கள் “என்ன மருந்து சாப்பிட்டாய்?” என்ற ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மீதிச் சிறுநீரை உறுதிச் சோதனைக்கும் அனுப்பவில்லை. கப்பல் போய்விட்டது. அண்ணன் இப்போது உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார். தெருவில் சிலர் இன்னும் அவரைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் பேசுகிறார்கள்.

வேறு மருந்துகள் உண்மையாகவே பட்டையை ஏமாற்றுவதும் உண்டு. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபிட்ரின் ஆம்பிட்டமின் பட்டையில் பாசிட்டிவ் காட்டக்கூடும். உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போன்றவை. எதிர்ப்பொருள் மூலக்கூறின் ஒரு பகுதியைத்தான் தடவிப் பார்க்கிறது. முழு முகத்தையும் பார்ப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதனை ஸ்கிரீனிங் என்கிறார்கள். சலித்தல் என்று சொல்லிவிடலாம். முத்துக்குளித்துறையில் அந்நாளில் முத்துக்களைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பார்கள். 1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. சலித்த கையோடு எவரும் விலை சொல்லிவிடவில்லை. நிறம், ஒளி, உருண்டை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்த பிறகே மதிப்பு. அதுபோல, பட்டைக்குப் பின்னே வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவி இருக்கிறது. கலவையைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் துண்டாக்கி, துண்டுகளின் எடையை வைத்து இன்னார் என்று அது சொல்லும். சூடோஎபிட்ரினையும் ஆம்பிட்டமினையும் அது குழப்பிக்கொள்ளாது. ஆனால் அதற்கு ஆய்வகமும் நாள்களும் பணமும் வேண்டும்.

இந்த இரு படிகளையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருப்பவர்கள் விமானத் துறையினர். 2022 ஜனவரி 31 முதல் இந்தியாவில் விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் திடீர்த் தேர்வு முறையில் போதைப்பொருள் சோதனை நடக்கிறது. முதற்சோதனையில் சிக்கியவரை ‘பாசிட்டிவ்’ என்று அந்த விதிகள் சொல்வதில்லை. ‘நெகட்டிவ் அல்லாதது’ என்கின்றன. உறுதிச் சோதனை முடிவு வரும்வரை அவர் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். எச்சரிக்கையும் நியாயமும் சேர்ந்த சொல்லாக எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இத்தனை எச்சரிக்கை? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேர் மட்டுமே போதைப்பொருள் உண்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டை அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கிறது. உண்ணாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டுகிறது. கேட்க நல்ல பட்டையாகவே இருக்கிறது. ஆனால் 990 பேரில் நூற்றுக்கு ஐந்து என்றால் ஏறத்தாழ 50 பேர். ஆக மொத்தம் 59 பேருக்கு ஒரே கோடு. அவர்களில் 50 பேர் ஒன்றும் அறியாதவர்கள்! அரிதான ஒன்றை எல்லோரிடமும் தேடினால் கணக்கு இப்படித்தான் முடியும்.

சிறுநீருக்குப் பட்டை என்றால், கையில் சிக்கிய பொடிக்கு நிறச் சோதனை. 2021 ஏப்ரலில் நம் வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில், பனாமாவிலிருந்து மரத்தடிகளுடன் வந்த சரக்குப் பெட்டகத்தில் 300 கிலோவுக்கு மேல் கொக்கைனை வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தார் கைப்பற்றினார்கள். கொக்கைனுக்குரிய வழக்கமான நிறச் சோதனை ஸ்காட் சோதனை. இளஞ்சிவப்பான கோபால்ட் தயோசயனேட் கரைசலில் பொடியைப் போட்டால் நீலம்; ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் மீண்டும் இளஞ்சிவப்பு; குளோரோபார்ம் ஊற்றிக் குலுக்கினால் அடி அடுக்கில் நீலம். நம் ஆய்வுக்கூடத்து உப்புப் பகுப்பாய்வின் நெருங்கிய உறவினர்தான். ஆனால் பல் பிடுங்கும்போது ஊசியில் ஏற்றும் லிடோகெயினும் முதற்படியில் நீலம் காட்டும். நாம் உப்புப் பகுப்பாய்வில் முதற்சோதனையோடு நின்றால் ஆசிரியர் மதிப்பெண் தருவாரா?

அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் 2015 டிசம்பரில் ஒருவருடைய காரில் கிடந்த வெண் துணுக்குகளுக்கு நிறச் சோதனை பாசிட்டிவ் காட்டியது. அவரைக் கைது செய்தார்கள். அது டோநட் பலகாரத்தின்மேல் பூசிய சர்க்கரை என்று பிறகு அரசு ஆய்வகத்தில் தெரிந்தது. நகராட்சி 37,500 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

நம் பக்கத்து மாநிலத்துச் சங்கதி சிரிப்புக்குரியது அன்று. கேரளத்தில் 2023இல் ஒரு பெண்மணியிடம் எடுத்த துண்டுத் தாள்களை எல்.எஸ்.டி. என்று கருதிச் சிறையில் அடைத்தார்கள். ஆய்வக அறிக்கை எல்.எஸ்.டி. இல்லை என்று வருவதற்குள் அவர் 72 நாள்கள் சிறையில் இருந்துவிட்டார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்.எஸ்.டி.க்கு 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. வணிக அளவு என்றால் 37ஆவது பிரிவின்படி ஜாமீன் பெறுவது மிகக் கடினம். அதாவது, ஆய்வக அறிக்கை எத்தனை நாள் தாமதிக்கிறதோ அத்தனை நாளும் தண்டனையாகவே கழிகின்றன. ஆய்வகங்களைப் பெருக்குவது இந்தச் சட்டத்தின் பாதி வேலை என்பது என் எண்ணம்.

நெகட்டிவ் முடிவுக்கும் எல்லை உண்டு. மார்பின் பட்டை மார்பின் குடும்பத்தைத்தான் அறியும். டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கியவர் அதில் நெகட்டிவாகவே வருவார். பாசிட்டிவ் வந்தாலும், எப்போது உண்டார், எவ்வளவு உண்டார், இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பட்டை சொல்லாது. கஞ்சாவை ஒருமுறை புகைத்தவரிடம் சில நாள்கள் காட்டும். நாள்தோறும் புகைத்தவர் நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை காட்டக்கூடும். கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவதே காரணம்.

அடுத்த ஆண்டு வேலைக்காகப் பரிசோதனைக்குப் போகும் மூன்றாமாண்டு அண்ணன்மார்களும் அக்காமார்களும், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் உட்கொண்ட மருந்துகளின் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே அதைக் காட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே கோடு விழுந்தால், பட்டையின் வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். மீதியிருக்கும் சிறுநீரைக் கொட்டிவிடாமல் முத்திரையிட்டு உறுதிச் சோதனைக்கு அனுப்பும்படி அங்கேயே எழுதிக் கொடுங்கள்.