அவர் ஏன் ஒதுங்கிப் படுக்கிறார்?

பெண்கள் நாலு பேர் கூடினால் சமையல், பிள்ளைகள் படிப்பு, மாமியார் சண்டை எல்லாம் பேசுவோம். "அவருக்கு என்மேல் நாட்டமே இல்லை" என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்கள் வாலிநோக்கம் கடற்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள், உப்பளத்தில் உழைக்கிறவர்கள், வளைகுடா நாடுகளில் வருஷக்கணக்கில் தனியாக இருந்து திரும்புகிறவர்கள் அதிகம். தனிமையில் கைப்பழக்கம் வருவது சகஜம். கல்யாணமான பிறகும் சிலருக்கு அது இருக்கும். கணவர் ஒதுங்கினால், "என் அழகு போய்விட்டதோ, வேறு யாராவது இருக்கிறாளோ" என்று மனைவி புழுங்குகிறாள். அவரோ, "சின்ன வயசுப் பழக்கத்தால் சக்தியெல்லாம் போச்சு" என்று உள்ளுக்குள் பயந்து சாகிறார்.

இந்தப் பயத்துக்கு வைத்தியத்தில் பெயரே உண்டு. 1960-ல் டாக்டர் விக் என்ற மனநல மருத்துவர், 'தாது' என்ற சொல்லை வைத்தே இதற்குப் பெயரிட்டார். நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்து என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் இது. எச்சில் ஊறுவது போல விந்தும் ஊறிக்கொண்டே இருக்கும். கைப்பழக்கத்தால் ரத்தம் குறையாது, நரம்பு தளராது, ஆண்மையும் போகாது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறார்கள். ஆண்மை பெருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. விஜய் டி.வி.யின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் டாக்டர் மாத்ருபூதம் இந்த விஷயங்களைக் கூச்சமில்லாமல் விளக்கினாரே, ஞாபகம் இருக்கிறதா?

நாட்டம் குறைய வேறு காரணங்கள் உண்டு. சர்க்கரை வியாதி, மனச்சோர்வு, குடி, தூக்கமின்மை, கடன் கவலை, ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், ஆண் ஹார்மோன் குறைவு. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். செல்போனில் ஆபாசப் படம் பார்த்தே பழகிவிட்ட சிலருக்கு மனைவியிடம் ஆர்வம் மட்டுப்படுவதும் உண்டு. அவர்கள் அதைக் குறைத்துக்கொள்வது நல்லது.

சகோதரிகளே, படுக்கையில் வைத்துக் கேட்காதீர்கள், குத்திக் காட்டாதீர்கள். பகலில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், "உடம்புக்கு என்னங்க செய்யுது?" என்று ஆரம்பியுங்கள். உங்கள் மனவருத்தத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு இரண்டு பேருமாக ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், முதலில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். லேகியக்காரருக்குக் கொடுக்கும் காசு வீட்டுக்காவது மிஞ்சும்.